கோப்பை வட்டம்

குரோனிங்கனில் நவம்பர்.
மூன்றாம் மாடியில் வெப்பக்குழாய் முனகுகிறது.
வீட்ஸ்கேயின் மேசையில்
இருநூற்றுப் பதினாறு உறைகள்.
ஒருவர் போதாது என்பவர்கள் யார், ஏன்,
இதுதான் ஆய்வு.
நிதி கேட்ட கடிதத்தில் இதைவிட நாசூக்காக எழுதியிருந்தார்கள்.

வயது, படிப்பு, சம்பளம்,
சிறுவயதில் எத்தனை வீடு மாறினீர்கள்,
புதிய உணவகத்தில் பழகிய பண்டத்தையே கேட்பீர்களா.
எல்லாவற்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை கட்டம்.
பொறாமைக்கும் ஏழு.
ஒருத்தி ஏழுக்கு வெளியே, தாளின் ஓரத்தில்,
எட்டாவதாக ஒரு கட்டம் தானே வரைந்து
அதில் குறி போட்டிருந்தாள்.
கணினி அதை ஏற்கவில்லை.

பதினான்காம் கேள்விக்குக் கட்டம் இல்லை.
ஏன்?
கீழே நான்கு கோடுகள்.

நீர்வாரியத்தில் கரை பார்ப்பவர் எழுதுகிறார்:
ஒற்றை மதகை நம்பிக்
கடல்மட்டத்துக்குக் கீழே குடியிருக்க முடியாது.
பல் மருத்துவர் ஒருவர்: எனக்குப் பொய் சொல்ல வராது.
பெயர் வேண்டாம் என்ற ஒருத்தி:
அவன் கேட்டான். மறுத்தால் போய்விடுவான் என்று சம்மதித்தேன்.
பிறகு வேறு மையில், ஒருவேளை வேறு நாளில்:
இப்போது அவனைவிட எனக்குத்தான் பிடித்திருக்கிறது,
அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

அறுபத்தெட்டு வயது ஃபொக்கோ
விதியை மீறிப் பெயரையே எழுதிவிட்டார்:
என் மனைவிக்கு மறதி நோய்.
அவளேதான் ஹில்லியைக் கூட்டிவந்து
ஞாயிற்றுக்கிழமை இவரைப் பார்த்துக்கொள் என்றாள்.
ஹில்லி யாரென்று இப்போது என்னைக் கேட்கிறாள்.
நான் ஒவ்வொரு வாரமும் உண்மையைச் சொல்கிறேன்.
ஒவ்வொரு வாரமும், நல்லது என்கிறாள்.

இன்னொரு தாளில் பதிலே கேள்வி:
ஒருவரோடு மட்டும் வாழ்கிறவர்களிடம்
இதைக் கேட்டீர்களா?
வீட்ஸ்கே பென்சிலைக் கடித்தாள்.
ரீன்ட்ஸோடு பதினோரு வருடம்.
ஏன் என்று யாரும் நான்கு கோடு போட்டுக் கொடுத்ததில்லை.
'இதர' என்று குறித்துவிட்டு
அடுத்த உறையைக் கிழித்தாள்.

நூற்றுப்பன்னிரண்டு. வலது மூலையில்
காப்பிக் கறை, பிறைபோல.
நூற்றுப்பதின்மூன்று. இடது மூலையில் ஒரு பிறை.
நூற்றுப்பதினான்கின் மேல்விளிம்பில் இன்னொன்று.
மூன்று தாளையும் ஒட்டி வைத்தால்
ஒரே கோப்பையின் வட்டம்.
மூவரும் ஒரு மேசையில் எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் உறவில் எத்தனை பேர்?
முதல் தாள்: நாங்கள் மூவர்.
இரண்டாம் தாள்: நாங்கள் மூவர்.
மூன்றாம் தாள்: அவர்கள் இருவர். நானும்.

இதைத் தமிழில் சொல்ல வந்த எனக்கு
இங்கே ஒரு சிக்கல்.
அவர்கள் மொழியில் 'வெய்' என்று ஒரே சொல்.
உறைக்குள் வைத்து அந்நியளுக்கு அனுப்பினால் அது நாங்கள்.
எழுதும்போதே மேசைக்கு எதிரே பார்த்து
வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அது நாம்.
எந்தத் தாளில் எது என்று
கறை சொல்லவில்லை.
மூன்றாவது ஆள் கேட்டிருப்பாரா,
கோப்பையை அங்கே வைத்தது அவர்தானா,
எழுதி முடித்து முதலில் எழுந்தது யார்.

ஒருவர் தாளை இன்னொருவர் தாளோடு சேர்க்கக் கூடாது
என்பது நெறிக்குழுவின் நிபந்தனை.
வீட்ஸ்கே மூன்றையும் பிரித்தாள்.
மூன்று வரிசைகளாகக் கணினியில் ஏற்றினாள்:
மூன்று, மூன்று,
மூன்றாவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.
அதற்கும் மூன்று என்றே போட்டாள்.
பிறகு அழித்துவிட்டுக்
கட்டத்தைக் காலியாக விட்டாள்.

கீழே மழையில் சைக்கிள் பூட்டைத் திறக்கும்போதுதான்
உறைத்தது:
வட்டம் முழுதாக இல்லை.
கால்பங்கு குறைந்தது.
அந்த இடத்தில் இருந்தது வெறும் மேசையா,
அனுப்பப்படாத
நான்காவது தாளா.